சத்தம் கேட்கிற வேலை

பகலில் முகமாலையில் முழங்காலில் இருப்பேன்.
காதில் கருவி, கையில் சின்னக் கரண்டி.
கத்தினால் நிற்க வேண்டும்.
கத்தாத மண்ணில்
கோலை ஒரு சாண் முன்னே வைக்கலாம்.
எட்டு வருஷமாய்
மௌனத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

வீட்டில் வேறு கணக்கு.
தவநேயனின் நெஞ்சுக்குள் ஓர் உலோகக் கதவு.
மல்லாவியில் தறப்பாளுக்குக் கீழே
தொண்டை நோவும் காய்ச்சலுமாய்க் கிடந்த பிள்ளைக்கு
முப்பது வயதில் போட்டது.
டிக், டிக்.
இரவு தங்க வந்த மச்சாள் சுவரெல்லாம் பார்த்து
"எங்கயடி மணிக்கூடு?" என்றாள்.

அறுவடை மாதம்.
வெட்டுமெஷினோடு தருமபுரம், பிறகு புளியம்பொக்கணை.
வார்பரின் குளிசை சாமிப்படத்துக்குப் பின்னால்.
பதினொரு நாள்.
"நெல்லு ஏறட்டும், கிளினிக் போறன்."

வந்து படுத்த இரவு
ஆந்தை கேட்டது.
கண்டி வீதியில் லொறி கேட்டது.
அவர் கேட்கவில்லை.
காதை வைத்தேன்:
ஈரச்சாக்கைத் தட்டுவது போல ஏதோ.
சத்தமில்லை, முன்னே போ என்றது
பழகின உடம்பு.
ஓட்டோவுக்கு ஓடினேன்.

கிளிநொச்சி ஆசுப்பத்திரித் திரையில்
இரண்டு இதழில் ஒன்று அசையவில்லை.
"ரத்தம் உறைஞ்சு சிக்கியிருக்கு. கரைக்கலாம்.
கரையேக்க ஒரு துண்டு கழண்டு
தலைக்கும் போகலாம்.
திரும்ப நெஞ்சைத் திறக்கிறது
இதைவிடப் பயம்."
பேனையைத் தந்தார்.

புதைந்து கிடப்பதைப் பக்கத்தால் சுரண்ட வேண்டும்,
மேலால் குத்தக்கூடாது.
"மெல்லத்தானே விடுவீங்கள்?" என்று மட்டும் கேட்டேன்.
"விடிய விடிய," என்றார் டொக்டர்.

மணிக்கொரு தரம் கேட்கச் சொன்னாள் தாதி யசிந்தா:
கையைத் தூக்குங்கோ. சிரியுங்கோ.
என்ர பேர் என்ன?
மூன்றாம் தரம் வேண்டுமென்றே
மச்சாளின் பேரைச் சொன்னார்.
யசிந்தா ஓடி வந்தாள்.
முரசால் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது,
அதனால் அடிக்கவில்லை.

நாலு பத்துக்கு ஒரு டிக்.
பிறகு இல்லை.
நான் மூச்சு விடவில்லை.
பிறகு இரண்டு.

அடுத்த கிழமை முகமாலையில் கருவி கத்தியது.
பக்கத்து ஒழுங்கையில் நின்றவளும் உறைந்து போனாள்.
ஒரு கணம், ஒரே ஒரு கணம்,
எனக்குச் சந்தோஷம்.
பிறகு சிவப்புக் கோலை ஊன்றினேன்.