கூடம் கோணல்

தார்த்துவில் ஆறு உறைந்து கிடந்தது.
ஹெல்டுரின் தலைக்குள் கட்டி
ஓராண்டில் இரண்டு மில்லிமீட்டர் வளர்ந்ததாகப் படம்.
லேலோ நம்பவில்லை.
கூடம்தான் கோணல் என்றாள்.
ஆடத் தெரியாதவள் பேச்சு என்று சிரித்தார்கள்.

இரவு, ஆளில்லாத காந்தக் குகைக்குள்
நீர் நிரப்பிய கட்டப்பெட்டியைப் படுக்கவைத்தாள்.
நடுவில் கோடுகள் நேர்.
ஓரம் போகப் போக
புலத்தின் சரிவு தளர்ந்து
கட்டங்கள் ஒடுங்கி வளைந்தன, பீப்பாய்ப் பலகைபோல.

போன வருடம் அவர் தலை
நான்கு விரல் தள்ளிக் கிடந்திருக்கிறது.

பழைய படத்தை எடுத்து
புள்ளி புள்ளியாக,
நீ எங்கே இருந்திருக்க வேண்டும் என்று கேட்டு
அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தாள்.
விடியும்போது இரண்டு கட்டியும் ஒரே அளவு.

சொன்னார்கள்.
ஹெல்டுர் பூட்ஸ் கயிற்றை இறுக்கியபடி கேட்டார்:
"இருக்கிறது இருக்கிறதுதானே?"