பதினாலு அங்குலம்

காரைக்குடியில் கத்திரி வெயில் தொடங்கிய அன்று
கம்பளி நூல் கூரியரில் வந்தது.
கொண்டுவந்த பையன் பொட்டலத்தை அமுக்கிப் பார்த்து
"பஞ்சாக்கா?" என்றான்.
குளிர், என்றேன்.
கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

சகாயராணிக்கு நியூகாசிலில் வேலை.
எனக்கு எழுத்துத் தேர்வில் அரை மார்க் குறைவு.
ஒரே மேசையில்தான் படித்தோம்.
நெஞ்சுவலி என்று வந்த நோயாளியை
வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கடிதம், ஆங்கிலத்தில்.
அவள் நோயாளி பிழைத்துக்கொண்டார்.
என்னுடையவர் முற்றுப்புள்ளி கிடைக்காமல்
வழியிலேயே போய்விட்டார்.

போறப்ப என்ன வேணும் என்று
வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.
போனில் ஒரு படம் காட்டினாள். கறுப்பு வெள்ளை.
சண்டைக் காலத்து வெள்ளைக்காரி,
தொப்பியைச் சாய்த்துப் போட்டு,
கழுத்தைச் சுற்றிப் பின்னல் பட்டை ஒன்று,
பக்கவாட்டில் மூன்று பொத்தான்.
"இதே மாதிரி. பழசு போல இருக்கணும். ஆனா புதுசா."

பழசுக்கா பஞ்சம் இந்த ஊரில்.
உடையப்பன் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும்:
எனாமல் தூக்கு,
சாவி இல்லாத பூட்டு, அந்தப் பூட்டுக்குச் சேராத சாவி,
யாரோ இருவரின் கல்யாண போட்டோ.
பொத்தான் கேட்டதும் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தார்.
கொம்புப் பொத்தான் இரண்டு, ஒரே அளவில்.
மூணாவது?
"அது ரங்கூன்லயே விழுந்திருக்கும்" என்றார்,
கூட இருந்து பார்த்தவர் போல.
வேறு நிறத்தில் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டேன்.

இரவு ஷிப்டில் அவள் கழுத்தை அளந்தேன்.
பதினாலு அங்குலம்.
டேப்புக்குள் ஒரு விரல் விட்டு அளக்க வேண்டும்,
இல்லையென்றால் இறுக்கும்.
விட்டேன்.
விடாமல் இருந்தால் என்ன என்று
ஒரு கணம் நினைத்ததையும் எழுதிவைக்கிறேன்.
கூச்சத்தில் சிரித்தாள். விரலில் அவள் நாடி
எண்பத்திரண்டு.
எண்ணாமல் தொடத் தெரியாது எனக்கு.

நேர் இரண்டு, எதிர் இரண்டு.
நேர் இரண்டு, எதிர் இரண்டு.
ஏழாம் படுக்கை, சிசேரியன், விழித்துக் கேட்டாள்:
"புள்ளைக்கா சிஸ்டர்?"
இல்லை, போறவளுக்கு.
அவள் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
வெளிநாடு போறவளுக்கும்மா,
வெளிநாடு.

இருபத்திரண்டாம் வரிசையில் ஒரு கண்ணி நழுவியிருந்தது.
முப்பதில்தான் பார்த்தேன்.
நழுவிய நேரமும் தெரியும்:
விசா வந்துடுச்சு என்று
வார்டு வாசலில் அவள் கத்திய நேரம்.
யாருக்கும் தெரியப்போவதில்லை.
எட்டு வரிசை பிரித்தேன்.
பிரித்த நூல் சுருள் சுருளாய்
நேராக மாட்டேன் என்றது.
அதை வைத்தே பின்னினேன்.

முடிந்த இரவு, மணி மூன்று,
போட்டுப் பார்த்தேன். மூன்று பொத்தானும்.
எனக்குத் தெரிந்த குளிர்
ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்கால் வைப்பது.
அது போதாது.
மருந்து ஃபிரிட்ஜைத் திறந்து முகத்தை நீட்டினேன்.
ஏழு டிகிரி.
அங்கே இது நல்ல நாளாம், சகாயா சொல்லியிருக்கிறாள்.
ஒரு நிமிடத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது.
ஒரு நிமிடம்
நானும் அந்த ஊரில் இருந்தேன்.
அப்புறம் கழுத்து அரித்தது.

திருச்சி பஸ் புறப்படும் முன் கொடுத்தேன்.
உச்சி வெயிலில் அங்கேயே மாட்டிக்கொண்டாள்,
வேர்க்கடலைக்காரர் முதல் கண்டக்டர் வரை பார்க்க.
"இது ஏண்டி ஒண்ணு மட்டும் வேற கலரு?"
பழசு போல கேட்டியே.
சிரித்தாள். அழுதாளா, வேர்த்ததா,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை.

அரை உருண்டை நூல் மிச்சம்.
ஆகஸ்டில் அடுத்த தேர்வு,
பணம் இன்னும் கட்டவில்லை.
என் கழுத்து பதிமூன்றரை.
நேற்றுதான் அளந்து பார்த்தேன்,
ஒரு விரல் விட்டு.