கேட்பு, வசூல், நிலுவை

ஏப்ரலுக்குள் கட்டினால் நூற்றுக்கு ஐந்து கழிவு.
இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் ஆகிவிட்டது,
திறக்கிறது, பாதிப்பேர் தாண்டுவதற்குள் மூடிக்கொள்கிறது.

காலையில் ராயபுரம் குடோன்.
பதினோரு லட்சத்து நாற்பதாயிரம், ஆறு வருஷமாக.
முதலாளி எப்போதும் சிங்கப்பூரில்.
மேனேஜர் எப்போதும் மோர் கொண்டுவரச் சொல்கிறார்.
ஷட்டரில் நான் ஒட்டிய நோட்டீசின் மேல்
யாரோ காதுகுத்து போஸ்டர் ஒட்டியிருந்தார்கள்,
குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.
"கோர்ட்ல இருக்கு மேடம்."
கோர்ட்டில் இருப்பதற்கு எங்கள் பதிவேட்டில் தனிக் கட்டம் உண்டு.
எழுதினேன். மோரில் உப்பு சரியாக இருந்தது.

பிறகு எர்ணாவூர்.
குப்பத்தில் மூன்றாம் குறுக்குத் தெரு இருக்கிறது.
முதல் தெருவும் இரண்டாம் தெருவும்
என் பதிவேட்டில் இருக்கின்றன.

கதவு எண் பதினேழு. தேசராணி, கணவர் சிங்காரம்.
தளம் போட்ட வீடு, முந்நூற்றுப் பத்து சதுர அடி,
அரையாண்டுக்கு நானூற்று இருபது.
கிழக்கே கடல் என்று பழைய அதிகாரி எழுதியிருக்கிறார்.
இப்போது எழுதினால்
வடக்கே கடல், தெற்கே கடல், மேற்கே கருங்கல் குவியல்.
மெஷினில் வரைபடம் திறந்தேன்.
வீடு என்று நீலப்புள்ளி நின்ற இடத்தில்
ஒரு ஃபைபர் போட் ஆடிக்கொண்டிருந்தது.

கட்டடம் இல்லையென்றால் எழுதித் தரவேண்டியது என் வேலை.
படிவம் இருக்கிறது:
இடிக்கப்பட்டது, எரிந்துபோனது,
சாலைக்காக எடுக்கப்பட்டது.
கடல் எடுத்தது என்று ஒன்று அதில் இல்லை.
கோதண்டபாணி சாரிடம் போன வாரமே கேட்டேன்.
பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.
"கட்டடம் இல்லேன்னா காலிமனை வரி போடும்மா."
மனையும் இல்ல சார்.
"அப்ப இதரன்னு எழுதிக் குடு, நம்பரையே எடுத்துடலாம்."
எழுதிவிட்டேன். கையெழுத்தும் போட்டாயிற்று.
பையில், ரசீதுச் சுருளுக்குக் கீழே இருக்கிறது.

அவள் கருங்கல் மேல் கால்வைத்துக் கால்வைத்து வந்தாள்.
நண்டு வாளியை இறக்கினாள்.
பால் கவரில் சுற்றிய நோட்டுகள்,
எட்டு ஐம்பது, ஓரமெல்லாம் ஈரம்.

"ஏப்ரல்ல கட்னா கழிவு உண்டுல்ல?"

உண்டும்மா. ஆனா வீடு...

"வூடு உள்ள கீது. தண்ணி வத்துச்சுன்னா படிக்கட்டு தெரியும்,
பச்ச டைல்ஸு, அவரு கையால பதிச்சது.
எங்களுக்குப் பட்டாவா குடுத்தாங்க? இந்தச் சீட்டுதான்.
நாளைக்கு எவனாச்சும் மாத்து வூடு தரேன்னு வந்து
இங்க யாரு இருந்தான்னு கேட்டா
கடலக் கூட்டியாந்து சாட்சி சொல்லச் சொல்வனா?
ரெண்டு அரையாண்டு வுட்டேன்னு வை,
நான் பொறக்கவேயில்லன்னுவானுங்க.
போடு, வெயில் ஏறுது."

எடுத்துவிட்ட எண்ணில் பணம் கட்ட முடியாது.
அது விதி. அவளுக்கு நான் அதைச் சொல்லவில்லை.

கட்டடப் பயன்பாடு? என்று மெஷின் கேட்டது.
விரல் கொஞ்ச நேரம் நின்றது.
மீன் லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போயிற்று.
சொந்தக் குடியிருப்பு.
அழுத்தினேன்.

தாளை வாங்கி வெயிலுக்குத் திருப்பிப் பிடித்தாள்.
"தே-வுக்குக் கொம்பு இருக்குதா பாரு.
போன தபா வுட்டுட்டானுங்க, தசராணின்னு வந்துச்சு."
இருக்கிறது என்றேன்.
இருந்தும் தன் விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

முந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.
என்னிடம் ஒரு ரூபாய் சில்லறை இல்லை.
"வெச்சுக்க. அடுத்த அரையாண்டுல கழிச்சுக்கலாம்."
வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்,
மார்க்கெட்டுக்கு நேரமாகியிருந்தது.

மாலை, கணக்கு முடிக்கிறேன்.
கேட்பு நானூற்று இருபது. கழிவு இருபத்தொன்று.
வசூல் முந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.
நிலுவை இல்லை.
அறிக்கை இன்னும் பையில். தணிக்கை ஜூலையில்.

அந்த ஒரு ரூபாயை எந்தக் கட்டத்தில் எழுதுவது
என்று கேட்கத் திரும்பினேன்.
கோதண்டபாணி சார்
பேனாவை மூடிவைத்துவிட்டுக் கிளம்பியிருந்தார்.