கரிப்பு

சனிக்கிழமைகளில் மட்டும் மூச்சு விடும் ரயில்.
இன்னிஸ்ஃபெயிலில் மழை விட்டும் விடாத காலை.
ஓய்வுபெற்ற பல் மருத்துவர் டெஸ்மண்ட்
கார்டு தொப்பியோடு வந்து
எங்கள் சீட்டில் ஓட்டை போட்டார்,
சொத்தையைக் குடையும் அதே கவனத்தோடு.
ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டாதீர்கள், கரி பறக்கும் என்றார்,
எல்லாரிடமும் சொல்வதை.

மர பெஞ்சில் ஆளுக்கொரு ஓரம்.
நடுவில் என் கைப்பை.
அதற்குள் பெர்த் மருத்துவமனையின் கடிதம்,
நாலாக மடித்து.
கண்டத்தின் அந்தக் கரையில் எனக்கு வேலை.
இளம்பரிதிக்கோ இங்கே, வாழை ஆராய்ச்சித் தோட்டத்தில்
இன்னும் மூன்று வருட மண்.
ஒன்பது நாளாக
"உப்பு எடு", "கதவைச் சாத்து" தவிரப் பேச்சில்லை.
புகைச்சல் என்று இதற்குப் பெயர்.
எண்பது டாலர் கொடுத்து
வேறு புகை பார்க்க வந்திருக்கிறோம்.

கூவியது.
அடிவயிற்றில் யாரோ பாத்திரம் உருட்டியதுபோல்
ஒரு குலுக்கல்.
பிறகு கரும்பு. பூத்த கரும்பு.
அதற்குப் பின்னால் மேகத்தை இடுப்பில் சுற்றிய மலை.
சர்க்கரை ஆலையின் குட்டித் தண்டவாளம்
கொஞ்ச தூரம் கூடவே ஓடி
சட்டென்று மனம் மாறி விலகிப் போனது.
வாழைத் தோப்பில் குலைக்குக் குலை
வெள்ளியும் நீலமுமாய்ப் பிளாஸ்டிக் பை.
அவன் வாயைத் திறந்தான்,
அந்த நிறங்களின் கணக்கை எனக்குச் சொல்ல.
முன் இருக்கைக் குழந்தையிடம் சொன்னான்.

நான் தலையை நீட்டினேன்.

காட்டுக்குள் ஏற்றத்தில் சக்கரம் வழுக்கியது.
நின்ற இடத்திலேயே சுற்றும் சத்தம்,
தன்னோடு தானே சண்டை போடுகிற சத்தம்.
அடுப்புக்குக் கரி அள்ளும் கெரி-ஆன்
குதித்திறங்கி
ஈரத் தண்டவாளத்தில் மணல் தூவினாள்,
சப்பாத்திப் பலகையில் மாவு தூவும் கை.
எல்லாம் நின்றது.
தவளைகள் மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன.

அப்போது விழுந்தது கண்ணில்.
எள்ளில் பாதி. பாதிகூட இல்லை.
கரித்தது.
கரி என்றால் கரிக்கத்தான் செய்யும்;
தமிழ் எப்போதோ இந்த ரயிலில் ஏறி இறங்கியிருக்கிறது.

"தேய்க்காதே."
கைப்பையை எடுத்துத் தரையில் வைத்தான்.
கட்டைவிரலால் இமையைத் தூக்கினான்,
இலையின் அடியில் பூச்சி தேடிப் பழகிய விரல்.
"மேலே பார். என்னைப் பார்க்காதே, மேலே."
ஊதினான்.
முன்னால் எஞ்சினும் ஊதியது.
அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
எச்சில் தெறித்தது என் மூக்கில்.
கைக்குட்டை நுனியில் ஒற்றியெடுத்த புள்ளியைக் காட்டி
"இதற்கா இவ்வளவு?" என்றான்.
எதைச் சொல்கிறான் என்று நான் கேட்கவில்லை.

உச்சியில் எஞ்சினைத் திருப்ப இடமில்லை.
அது கழன்று, பக்கத் தடத்தில் ஊர்ந்து
வால்பக்கம் வந்து கோத்துக்கொண்டது.
முதுகைக் காட்டியபடியே இழுக்குமாம் வீடுவரை.
இருக்கையைத் திருப்புங்கள் என்றார் டெஸ்மண்ட்.
முதுகுப் பலகையை இருவரும் பிடித்துத் தள்ள
கீலில் புரண்டு விழுந்தது, டமால்.
அதே பெஞ்சு, அதே ஆணி.
இதுவரை கால் தொங்கிய பக்கம்
இப்போது முதுகு.
"ஜன்னல் யாருக்கு?"
"உனக்கு," என்றேன். "உன் கண்ணிலும் விழட்டும்."

இறக்கத்தில் வாழை மறுபடி வந்தது.
கைப்பை என் மடியில்.
பதில் எழுத திங்கட்கிழமை கடைசி நாள்.
நிறக் கணக்கை இப்போது சொன்னான்:
எந்த வாரம் மூடிய குலை,
எந்த வாரம் வெட்ட வேண்டும்.
"நீலம் எப்போது?"
விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்,
ஆகஸ்ட், செப்டம்பர் என்று உதடு அசைய.
கண் இன்னும் கொஞ்சம்
கரித்துக்கொண்டுதான் இருந்தது.