தினசரிக் கட்டணம்

வெள்ளி மாலை நாலேகாலுக்குத் திறப்பு கைக்கு வந்தது.
மெல்பேர்னின் மேற்கு விளிம்பு, டார்னீட்,
மரங்கள் இன்னும் தடிகளை நம்பி நிற்கும் ஒரு தெரு.
கதவைத் திறந்து சுவிட்சை அழுத்தினோம்.
இன்னொன்றை அழுத்தினோம்.
நீங்கள் கரண்டுக்குச் சொல்லவில்லையா, என்றேன்.
நீ சொல்லியிருப்பாயென்று நினைத்தேன், என்றார் குகநேசன்.
முப்பது வருடக் கடனை
வரி வரியாய் வாசித்துக் கையெழுத்து வைத்தவர்கள் நாங்கள்.

வெறும் தரையில் குந்தினோம்.
என் போனில் முப்பத்தொரு வீதம். இவருடையது செத்துவிட்டது.

ஒரு கம்பெனி அலகுக்குக் குறைத்து
நாளுக்குக் கூட்டியது.
இன்னொன்று காற்றிலிருந்து மட்டும் தருமாம்;
கம்பிக்குள் வந்தபிறகு
அது எந்தக் காற்றென்று யார் பிரித்துத் தருவது, என்றார் இவர்.
மூன்றாவதில்
பகல் பதினொன்றிலிருந்து இரண்டு வரை இலவசம்.
அந்நேரம் இவர் லாவர்ட்டனில் பெட்டி ஏற்றுவார்,
நான் சன்ஷைனில் யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லுக்கு அச்செடுப்பேன்.

'உங்களைப் போன்ற வீடு'
வருடத்துக்கு இவ்வளவு கட்டும் என்று
எல்லாவற்றிலும் ஒரு மதிப்பீடு.
எங்களைப் போன்ற வீடு எது?
போன கிழமை வரை
வேறொருவர் பெயரில் வந்த பில்லுக்குப் பாதிக் காசை
மேசையில் வைத்துவிட்டுப் போனவர்கள்.

பத்தொன்பது வீதத்தில் ஒரு குரல் கிடைத்தது. ரொக்ஸானாம்.
எத்தனை பேர்? இரண்டு.
நாய் உண்டா? இல்லை.
பத்து நாளுக்குள் மனம் மாறலாம், என்றாள்.
வீட்டுக்கு அப்படி யாரும் சொல்லவில்லை.
பிறகு, அதே குரலில்,
வீட்டில் யாருடைய உயிராவது
மின்சாரத்தில் ஓடும் கருவியை நம்பி இருக்கிறதா?

நான் இவரைப் பார்த்தேன்.
இவர் யன்னலைப் பார்த்தார்.
காரில், குக்கருக்கும் சாமிப்படத்துக்கும் நடுவில்,
போர்வையால் சுற்றியபடி
அந்த மூக்குக் குழாய் மெஷின்.
குறட்டைக்குத்தானே, என்று உதடு மட்டும் அசைத்தார்.
இல்லையென்று சொல், என்று கை காட்டினார்.
நாற்பத்தொரு வயதில் அவருக்கு அது ஒரு வெட்கம்.
அது கணக்கில் வருமோ தெரியாது,
டொக்டர் எழுதித் தந்தால் பதியலாம்,
பதிந்தால் இலகுவில் துண்டிக்கமாட்டோம், என்றாள் ரொக்ஸான்.
ஏழு வீதம்.
பாரத்தை அனுப்புங்கள், என்றேன்.
எந்தத் திட்டம்?
காற்று.

இணைப்பு விடிந்த பிறகுதான்.
பாயில் விழுந்ததும் இவர் தூங்கிவிட்டார்.
நான் எண்ணினேன்.
மூச்சு, மூச்சு, மூச்சு,
பிறகு ஒன்றுமில்லை.
தெருமுனையில் ஒரு கார் வந்து திரும்பிப் போகும் வரை
ஒன்றுமில்லை.
தோளை உலுக்க, புரண்டு படுத்து
எதுவும் நடக்காததுபோல் மறுபடி தொடங்கினார்.
மாலை முழுக்க விலைகளை ஒப்பிட்ட மூளை
இரவு முழுக்க இடைவெளிகளை ஒப்பிட்டது.
ஒரு விளக்கும் போடாவிட்டாலும்
நாளுக்கு ஒரு டொலர் பதினாறு சதம்.
சும்மா தொடுத்திருப்பதற்கா, என்று மாலையில் சண்டை பிடித்திருந்தேன்.

ஏழு நாற்பதுக்குக் குசினியில் ஏதோ உறுமியது.
அடுப்புக்கு மேலே புகைவிசிறி.
முன்பிருந்தவர்கள் கடைசியாய் எதையோ பொரித்து,
வாசம் போகட்டுமென்று போட்டு,
நிறுத்த மறந்து போயிருக்கிறார்கள்.
ஐந்து கிழமை நின்ற இடத்திலிருந்து
அது சுற்றத் தொடங்கியது,
எப்போதோ சாப்பிட்டு முடித்த சமையலின் புகையை
வெளியே தள்ளிக்கொண்டு.

நிற்பாட்டவா, என்றார் இவர், கண்ணைக் கசக்கியபடி.
கொஞ்சம் ஓடட்டும், என்றேன்.
காருக்குப் போய்ப்
போர்வையை எடுத்து வாருங்கள்,
உள்ளே இருப்பதோடு.