எடுத்த கால்

ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவில்
சத்தம் மேலே போனது,
வண்டி போகவில்லை.
முள் நாலாயிரத்தைத் தாண்டித் துடித்தது.
ஓரத்து மைல்கல்
என்னிடம் ஏதோ கேட்க நினைத்தது போல்
மெதுவாக, மிக மெதுவாகக் கடந்தது.
பின்னால் ஏற்காடு பஸ் ஹாரன் அடித்தது,
ஒருதரம் கோபமாக,
ஒருதரம் பாவமாக.
கருகல் வாசனை வந்தபோது
இறங்கி வரும் லாரியின் பிரேக் என்று
லாரிமேல் பழி போட்டேன்.
பதினோராம் வளைவில் லாரியே இல்லை.

அறுபத்தேழாம் வருஷத்து எம்.ஜி. மிட்ஜெட்.
சிவப்பு என்கிறது ஆர்.சி. புத்தகம்.
நான் வாங்கியதல்ல, வந்து சேர்ந்தது:
பதினோரு மாதச் சம்பள பாக்கிக்கு
காபி எஸ்டேட் முதலாளி
மேசைமேல் வைத்துவிட்டுப் போன சாவி.
கணக்கு எழுதியவள் நான்.
அவரிடம் வேறெதுவும் இல்லை என்பது
அவருக்கு முன்பே எனக்குத் தெரியும்.

அஸ்தம்பட்டியில் ஒருவர், ஐந்து ரோட்டில் ஒருவர்:
“டிஸ்க் போச்சு. எஞ்சினை இறக்கணும்.”
முப்பத்தெட்டாயிரம்.
அதுவும் டிஸ்க் சீமையிலிருந்து வந்தால்.

கொண்டலாம்பட்டி அங்கமுத்து
பானெட்டைத் தொடவில்லை.
போர்வெல் வண்டிக் கம்பிரசர்தான் அவருக்குத் தொழில்;
கார் என்றால், சும்மா, ஒரு ஆசை.
ஹேண்ட்பிரேக்கை இழுத்து
நாலாம் கியர் போட்டு
க்ளட்சை விட்டார்.
அணைந்து போக வேண்டிய எஞ்சின்
அணையாமல் பாடிக்கொண்டே இருந்தது.
“சாக வேண்டிய நேரத்துல சாகலைங்க,
அதான் நோவு.”

பிறகு கம்பளத்தை உரித்து,
கியர்பாக்ஸ் மேட்டில் ஒரு ரப்பர் மூடியைப் பிடுங்கி,
உள்ளே ஸ்பானரை விட்டுத் துழாவி
ப்ளீடர் நிப்பிளை அரைச் சுற்றுத் திருப்பினார்.
பீச்சென்று அடித்தது எண்ணெய்.
பெடலில் யாரும் கால் வைக்கவில்லை.
நான் வெளியே நின்றிருந்தேன்,
இரண்டு காலும் தரையில்.

நிப்பிளை முடுக்கிவிட்டு மறுபடி நாலாம் கியர்.
ஒரே குலுக்கல்.
எஞ்சின் செத்தது.
அங்கமுத்து முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு,
பிரசவ வார்டு வாசலில்தான் அதைப் பார்த்திருக்கிறேன்.

“ஹோஸுங்க. உள்ளுக்குள்ள வீங்கிக் கெடக்கு.
மிதிக்கறப்ப எண்ணெய் போயிடுது,
திரும்பி வர வழியில்ல.
நீங்க காலை எடுத்துட்டீங்க.
அதுக்குத் தெரியலை.”

திருச்செங்கோட்டு ரிக்குகளுக்கு
ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடை ஒன்று,
நாலு பட்டறை தள்ளி.
பாறைக்குள் ஆயிரம் அடி இறங்குகிற வண்டிகளின் குழாய்களுக்கு நடுவே
என் ஒரு முழத் துண்டு
பென்சிலைப் போலக் கிடந்தது.
மரை மட்டும் பொருந்தவில்லை.
லேத்தில் கொடுத்துக் கடைந்தோம்.
காத்திருந்த நேரத்தில் பழைய ஹோஸைப் பிளந்து பார்த்தேன்:
வெளியே ஒரு கீறல் இல்லை.
உள்ளே ஊசி நுழைய இடமில்லை.

“டிஸ்க் கொஞ்சம் பளபளத்திருக்கும்,
மழைக்கு முன்ன ஒருக்கா பாத்துடலாம்,”
என்றார். கூலி கேட்கவில்லை.
கோரிமேடு வரை ஓட்டிப் பார்க்கக் கேட்டார்.
ஓட்டினார். அடிவாரம் வரை ஓட்டினார்.
ஜவ்வரிசி மில் நாற்றத்திலும்
ஜன்னலை ஏற்றவில்லை.

ஹோஸ் அறுநூற்று நாற்பது,
லேத் முந்நூறு,
பிரேக் ஆயில் நூற்றெண்பது.
அன்றிரவு எழுதி வைத்தேன்.
எழுதிய பிறகுதான் பார்த்தேன்:
எஸ்டேட் நோட்டு,
முதலாளி பெயரில் பற்று.
எஸ்டேட் மூடி இரண்டு வருஷம் ஆகிறது.

மறுநாள் ஒன்பதாம் வளைவில்
முள்ளும் சாலையும் சேர்ந்தே ஏறின.
அதே பஸ் பின்னால்.
இந்த முறை நான்தான்
ஹாரன் அடித்தேன்,
காரணமே இல்லாமல்.