பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை

இடப்பக்கம் திரும்பு, தூலிக்கி.
முட்டைக் கடிகாரம் மணியடித்துவிட்டது.

மருந்து உள்ளே இருக்கிறது.
நம் இருவர் தோளிலும் சின்ன வயதில்
தழும்பு வைத்த அதே காசநோய் ஊசிக் கிருமியாம்.
சுவர் முழுக்க நனைய வேண்டும்,
இரண்டு மணிநேரம் அடக்க வேண்டும்.
மல்லாந்து, இடம், குப்புற, வலம்.
"வாணலியில் மீன்கூட இவ்வளவு புரளாது" என்கிறாய்.
சிரித்தால் முட்டும் என்று
உடனே உதட்டைக் கடித்துக்கொள்கிறாய்.

முதலில் நீர்த்தொற்று என்றார்கள்.
மூன்று முறை, மூன்று நிற மாத்திரை.
நீ பீட்ரூட் மேல் பழி போட்டாய்.
நானும் நம்பினேன்,
நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

முப்பது வருஷம் ஊரார் தலைக்குச் சாயம் பூசிய கை,
அதனாலா என்று கேட்டாய்.
இருக்கலாம் என்றார் டாக்டர்,
சிகரெட்டாகவும் இருக்கலாம்.
நீ சிகரெட்டைத் தொட்டதே இல்லை.
சமையலறை ஜன்னலை மூடி வைத்துப் புகைத்தவன்
உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.
நீ என் பக்கம் திரும்பவில்லை.
திரும்பியிருக்கலாம்.

வலப்பக்கம்.

தீவுக்குப் போகும் பனிச்சாலையில்
துளை போட்டு ஆழம் அளப்பது என் வேலை.
இத்தனை சென்டிமீட்டர், கார் போகலாம்.
இன்று தாங்கும் என்று பலகையில் எழுதுவேன்.
நாளை என்று எழுதியதே இல்லை.

ஓலு ஆஸ்பத்திரியில்
நர்ஸ் திரையை என் பக்கம் திருப்பினாள்.
உன்னோடு படுத்தெழுந்த இத்தனை வருஷத்தில்
அன்றுதான் உன் உள்ளே பார்த்தேன்.
வெளிர்சிவப்பு. மெல்லிய நரம்புகள்.
ஒரு மூலையில் சுரண்டிய வடு.
"சுத்தம்" என்றார் டாக்டர். "மூன்று மாதம் கழித்து வாருங்கள்."

வண்டிக்குள் நீ அழுதாய்.
நான் வெளியே நின்று
கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டினேன்,
சுரண்டிய இடத்தையே.

மணி. எழுந்துகொள்.
போன பிறகு ப்ளீச் ஊற்று, மூடியை மூடு,
கால்மணி நேரம் கழித்துத் தண்ணீர் விடு.
அதற்கும் இதே கடிகாரம்தான்.

கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.
என்ன நிறம் என்று கேட்கக் கூடாதென
நவம்பரில் நமக்குள் ஒப்பந்தம்.
கேட்கவில்லை.

ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

பிறகு உன் குரல்:
"ஏன் அங்கேயே நிற்கிறாய், வெய்க்கோ?
காப்பி போடு."